மான் மடம் நடத்திய கதை

சம்பந்தியாகப் போகிறவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாய்க்கும் மூளை வேலை செய்வதில்லை. நாக்கு மட்டும் இரண்டு ஷிப்ட் சேர்த்துச் செய்யும். இதை நான் எங்கும் படித்து அறிந்துகொள்ளவில்லை. கிங்ஸ்பரியில் ராசேஸ் அக்கா வீட்டு சோபாவில், கையில் ஒரு பயற்றம் பணியாரத்தோடு இருந்த வேளையில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மகள் காயத்திரிக்கும் ராசேஸ் அக்காவின் மகனுக்கும் கல்யாணம் பேசப் போயிருந்தோம். (பேசுவதற்கு எங்களுக்கு ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பல்கலைக்கழகத்திலேயே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்களுக்கும் ஏதாவது வேலை கொடுக்கவேண்டுமே என்று எங்களை அனுப்பியிருந்தார்கள்.) ராசேஸ் அக்கா சிரித்த முகத்தோடுதான் வரவேற்றார். ஆனால் அவர் மனதில் வேறொரு பெண் இருந்தாள் என்பதும், அந்தப் பெண் டொக்டர் என்பதும், என் மகள் டொக்டர் இல்லை என்பதும் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். போதாக்குறைக்கு ராசேஸ் அக்கா முட்டைகூடத் தொடாத சைவம். சமையலில் பெயர் எடுத்தவர். அடுத்தவர் சமையலில் குறை கண்டுபிடிப்பதில் அதைவிடப் பெயர் எடுத்தவர். கல்யாண மண்டபங்களில் அவர் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது சமையல்காரர்கள் கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்வி.

"அப்ப சம்பந்தக்கலப்புச் சாப்பாட்டை எந்தக் கேட்டரிங்குக்குக் குடுக்கப் போறியள்?" என்று அவர் கேட்டார்.

சம்பந்தக்கலப்பு என்பது கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வீட்டாரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவது. மாப்பிள்ளை பகுதியார் பெண் வீட்டில் முதன்முதலாகக் கை நனைக்கும் நாள். அன்றைக்கு உப்புக் கூடிப்போனால் அந்தக் கதை பேரப்பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் ஓடும். ஆகவே புத்தியுள்ள தாய்மார் நல்ல கேட்டரிங்காகப் பார்த்துக் கொடுத்துவிட்டு, குறை வந்தால் அவர்கள் தலையில் போட்டுவிடுவார்கள்.

"கேட்டரிங்கோ!" என்றேன் நான். அந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "என்ர தோட்டத்து மரக்கறியில, என்ர கையால சமைச்சுத்தான் உங்கள் எல்லாருக்கும் போடுவன் அக்கா. கடையில ஒரு பிடி கீரைகூட வாங்கமாட்டன்."

பக்கத்தில் இருந்த இவரின் பணியாரம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. (இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லிப் பழக்கமில்லை. பாதாள ரயில் நிலையம் ஒன்றில் மேற்பார்வையாளர். எது நின்றாலும் முதலில் இவருக்குத்தான் தெரியும்.) நின்றதற்குக் காரணம் இருந்தது. நான் பீற்றிக்கொண்ட தோட்டம், சிங்ஃபோர்டில் காட்டை ஒட்டிக் கவுன்சில் தோட்டம் செய்ய வாடகைக்கு விடும் அலொட்மென்டில் எங்களுக்குக் கிடைத்த துண்டு. அப்போது அதில் விளைந்திருந்தது, முன்பு இருந்தவர் விட்டுப்போன ஒரு உடைந்த தள்ளுவண்டி மட்டுமே.

"தோட்டமோ? நல்லது" என்றார் ராசேஸ் அக்கா. "அப்ப ஆவணியில ஒரு நாள் வைப்பம். அதுக்கு முதல் நாள் நானும் வந்து மரக்கறி ஆயிறன். எனக்கும் தோட்டம் பாக்க விருப்பம்."

காரில் ஏறியதும் காயத்திரி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, சீரியஸாவா? அவவுக்கு முன்னால ஏன் இப்பிடி?"

"நான் புகையிலைத் தோட்டக்காரன்ர மகள்" என்றேன். "எனக்கு ஒரு போஞ்சி வளர்க்கத் தெரியாதோ?"

போஞ்சி, அதாவது பீன்ஸ், வளர்க்க எனக்குத் தெரியும். அதை மற்றவர்களின் வாயிலிருந்து காப்பாற்றத்தான் தெரியவில்லை.

வசந்தம் வந்ததும் கொத்தி, பாத்தி கட்டி, போஞ்சிக்குத் தடி நட்டு, கீரை விதைத்து, பீற்றூட்டும் வெங்காயமும் வைத்தேன். வீட்டு ஜன்னலில் முளைக்கவைத்த பூசணிக் கன்றுகளைத் தொட்டில் பிள்ளையைப்போலத் தூக்கிக்கொண்டுபோய் நட்டேன். அடுத்த சனிக்கிழமை போனால் கன்று நின்ற இடத்தில் காம்பு நின்றது.

நத்தை என்றார் இவர். முயல் என்றாள் காயத்திரி. நான் ஒரு காம்பைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். நான் வேலை செய்வது பல் டொக்டரிடம், உதவித் தாதியாக. இத்தனை காலமாக மனிதர்களின் வாய்க்குள் எட்டிப் பார்த்ததில், கடித்த தடத்தைக் கண்டால் கடித்தவரின் வாயை ஓரளவு சொல்லிவிடுவேன். முயல் கடித்தால் கத்தரித்ததுபோல இருக்கும். இந்தக் காம்பு கத்தரிபடவில்லை, இழுத்துக் கிழிபட்டிருந்தது. "கடிச்சவருக்கு மேல் முன்பல் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னேன்.

"பக்கத்துத் துண்டு டெரெக்குக்கும் இல்லை" என்றார் இவர்.

டெரெக் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. நல்ல மனிதர். தன் துண்டைச் சுற்றி ஆளுயரத்துக்கும் மேலாகக் கம்பிவலை அடித்து, உள்ளே கதிரை போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். அவர்தான் வலைக்குள் இருந்தபடியே காட்டுப் பக்கம் கையைக் காட்டி, மான் என்றார். அந்தக் காட்டில் புள்ளிமான் கூட்டம் கூட்டமாக இருக்கிறது, வலை அடிக்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்றும் சொன்னார்.

இவரும் அதையே பிடித்துக்கொண்டார். "வேலி அடிப்பம் இஞ்சேரும். ஒரு கிழமை லீவு போடுறன்."

"சம்பந்தி வந்து பாக்கப்போற இடம்" என்றேன். "மறியல் மாதிரிக் கம்பி அடிச்சு வைக்க ஏலுமே? அவ பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிவா."

மறியல் என்றால் எங்கள் பேச்சில் சிறைச்சாலை. வேலி அடித்திருந்தால் அன்றோடு இந்தக் கதை முடிந்திருக்கும், நானும் கௌரவமான பெண்ணாக இருந்திருப்பேன்.

பதிலாக நான் யூடியூப்பில் வழி தேடினேன். அங்கேதான் அந்த அமெரிக்கர்களைச் சந்தித்தேன். தாடி வைத்த, தொப்பி போட்ட, இலை இலையாக அச்சடித்த சட்டை அணிந்த ஆண்கள். மான் சாப்பிடுவதற்கென்றே காணியில் பயிர் வைக்கிறார்கள்! வசந்தத்தில் குளோவர் புல், அதன்பின் அதைக் கிண்டிவிட்டு டர்னிப், முள்ளங்கி, கடுகுக் கீரை. ஒரே பயிர் ஒரே நிலத்தில் நின்றால் மண் களைத்துவிடும், ஆகவே மாற்றி மாற்றி விதைக்கவேண்டும் என்று எவ்வளவு அக்கறையாக விளக்குகிறார்கள். உடுப்புக்கு ஸ்திரி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டு விலங்குக்கு விதைத்துச் சோறு போடுகிறார்களே, சைவக்காரர் நாங்கள்கூட இவ்வளவு செய்வதில்லையே என்று நினைத்தேன். (எந்த வீடியோவையும் நான் கடைசிவரை பார்த்ததில்லை. உடுப்பு முடியும்போது வீடியோவை நிறுத்திவிடுவேன். ஏன் இவர்கள் மரத்தில் ஏணி வைத்து ஏறிக் குந்தியிருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்தேன். பறவை பார்க்கிறார்களாக்கும் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.)

என் திட்டம் எளிமையானது. ஊரில் ஆட்டுக்குக் குழை கட்டித் தொங்கவிட்டால் அது பாட்டுக்குத் தின்றுகொண்டு நிற்கும். கத்தரிப் பக்கம் திரும்பாது. மானும் ஆடும் என்ன பெரிய வித்தியாசம்? எங்கள் துண்டின் கடைசியில், காட்டோரமாக ஒரு பகுதி சும்மா கிடந்தது. அங்கே மானுக்கென்று தனியாகப் பயிர் வைத்துவிட்டால் வயிறு நிறைந்து அப்படியே திரும்பிப் போய்விடும். என் போஞ்சி தப்பும்.

குளோவர் விதைத்தேன். அது முளைத்த வேகத்தைப் பார்த்து டெரெக் வலைக்குள் எழுந்து நின்றார். மான்கள் வந்தன. வேலைக்குப் போகுமுன் காலையில் எட்டிப் பார்த்தால், புள்ளி போட்ட முதுகுகள் வரிசையாகக் குனிந்திருக்கும். என் போஞ்சியை ஒன்றும் தொடவில்லை. மறுபடி நட்ட பூசணி கொடி ஓடிப் பூத்தது. கீரை தழைத்தது. எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பல் பிடுங்க வந்தவர்களுக்கெல்லாம், வாய் திறந்தபடி பதில் சொல்ல முடியாத அந்த நேரம் பார்த்து, மான் வளர்ப்பு பற்றி விளக்கம் கொடுத்தேன்.

"உம்மட மான் மடத்தில இண்டைக்கு என்ன கூட்டம்?" என்று இவர் பின்னேரங்களில் கேட்பார். அன்னதான மடம்போல அந்தத் துண்டுக்கு மான் மடம் என்றே பெயர் வந்துவிட்டது. கூட்டம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போனது உண்மைதான். மடத்தின் புகழ் காடு முழுவதும் பரவிவிட்டது என்று பெருமைப்பட்டேனே தவிர, இவ்வளவு பேரையும் யார் இங்கே வரவழைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டெரெக் ஒருநாள் வலையோரம் வந்து, நீங்கள் செய்வது நல்லதா என்று தெரியவில்லை, பழக்கிவிட்டால் போகாதுகள் என்றார். அவருடைய மறியலையும் என் மடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புன்னகைத்தேன். அந்தப் புன்னகையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசும்.

ஆடி மாதம் வந்தது. இந்த இடத்தில்தான் என் பிறப்பு எனக்கு எதிராக வேலை செய்தது. புகையிலை வெட்டிய கையோடு சணல் விதைத்து, அதை மடக்கி உழுது, அடுத்ததை வைக்கும் வீட்டில் பிறந்தவள் நான். ஒரு நிலத்தில் ஒரே பயிர் நிற்கும் காலம் கடந்துவிட்டால் என் கை தானாக மண்வெட்டியைத் தேடும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் மான் தின்கிறதே, நமக்கென்ன என்று விட்டிருப்பாள். நான் குளோவரைப் பார்த்தேன். நுனி கருகி, மிதிபட்டுக் கிடந்தது. அமெரிக்கர்களும் மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

"அதுகள் சாப்பிட்டுக்கொண்டெல்லோ இருக்குதுகள்" என்றார் இவர், மண்வெட்டியோடு நின்றபடி. "ஏன் இப்ப கிண்டச் சொல்லுறீர்?"

"மண்ணை யோசியுங்கோ. ஒரே பயிரை வைச்சுக்கொண்டிருந்தா அது என்ன கதிக்கு ஆகும்? கிண்டுங்கோ, நான் விதை கொண்டு வந்திருக்கிறன்."

முழுவதையும் ஒரே நாளில் கிண்டிப் புரட்டினோம். டர்னிப், முள்ளங்கி, கடுகு, கேல் கீரை என்று வரிசை வரிசையாக விதைத்தேன். குளோவர் விட்டுப்போன சத்தில் அவை பொங்கி எழுந்தன. களை பிடுங்கினேன், தண்ணீர் அளந்து விட்டேன், மருந்து ஒரு துளி அடிக்கவில்லை. விருந்தாளிக்கு என்றால் நாங்கள் வீட்டாருக்குச் செய்வதைவிட ஒருபடி மேலேதான் செய்வோம்.

மான்கள் வந்தன. கடுகிலையை மோந்தன. என்னைப் பார்த்தன. தோசைக் கடைக்கு வந்தவர்களிடம் இன்றுமுதல் சலாட் மட்டும்தான் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி ஒரு பார்வை. பிறகு காட்டோரப் புல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. புதுச் சாப்பாடு பழக நாள் எடுக்கும் என்று நான் நினைத்தேன். காயத்திரியும் சிறுவயதில் கரட் தின்னமாட்டேன் என்று அழுதவள்தான், பிறகு தின்னவில்லையா?

சாப்பாட்டுக்கு முதல் நாள், சனிக்கிழமை காலை, காயத்திரி ராசேஸ் அக்காவைக் கிங்ஸ்பரியிலிருந்து காரில் கூட்டி வந்தாள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் ஓடும் சப்பாத்து, கையில் தன் சொந்தக் கத்தி. வியாழன் பின்னேரம் நான் தண்ணீர் விட்டபோது தோட்டம் கல்யாண வீடுபோல இருந்தது. வெள்ளி முழுவதும் எனக்கு வேலை. ஆகவே பயமில்லாமல் முன்னால் நடந்தேன். இவர் கூடைகளோடு பின்னால் வந்தார்.

"வாங்கோ அக்கா, வாங்கோ" என்று படலையைத் திறந்தேன்.

போஞ்சித் தடிகள் நின்றன. போஞ்சி இல்லை. கீரைப் பாத்தி வழித்துத் துடைத்த தட்டாகக் கிடந்தது. பீற்றூட்டின் தலைகள் போய்விட்டன. மிளகாயைக்கூட விடவில்லை. வெங்காயத்தை மட்டும் மிதித்துவிட்டுப் போயிருந்தன. நடுவில் ஒரு பெண்மான், வாயிலிருந்து பூசணிக்கொடி தொங்க நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரி வந்துவிட்டாளே என்ற மரியாதைக்காகக்கூட மெல்லுவதை நிறுத்தவில்லை.

மடத்தில் சாப்பாட்டை நிறுத்திவிட்டால், பழகிய கூட்டம் பக்கத்துச் சமையலறைக்குள் வராமல் எங்கே போகும்? எனக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. கூட்டத்தைச் சேர்த்தவள் நான். பந்தி போட்டுப் பழக்கியவள் நான். பந்தியைக் குழப்பியவளும் நானே.

காயத்திரியின் முகம் வெளுத்துவிட்டது. என் மானம் போவதல்ல பெரிது. அது அடிக்கடி போய் வருகிற ஒன்று. என் வாயால் என் பிள்ளை அந்த வீட்டில் காலம் முழுவதும் தலை குனிந்து நிற்க வேண்டி வருமோ என்பதுதான் பெரிது. ராசேஸ் அக்கா கத்தியைக் கையில் வைத்தபடி தோட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"இதுவோ தோட்டம்?" என்றார்.

மூளை வேலை செய்யவில்லை என்று முதலிலேயே சொன்னேன். நாக்குத்தான் முன்னால் பாய்ந்தது.

"இல்லை அக்கா, இது மானுக்கு விட்ட பக்கம். எங்கட சமையல் தோட்டம் அங்கால."

பின்னால் இவர் ஒரு கூடையைக் கீழே போட்டார்.

"மானுக்கோ? இவ்வளவு இடமோ?"

"ஓம் அக்கா. வாயில்லாச் சீவன்தானே. முதல் அதுகளுக்கு, பிறகுதான் எங்களுக்கு." பெண்மான் தலையைத் தூக்கி, சாட்சி சொல்வதுபோல இன்னொரு வாய் பூசணி இலையைப் பிடுங்கியது. அந்த மானுக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து டெரெக் வலைக்கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். ஐயோ, உங்களுடைய போஞ்சி முழுவதையும் தின்று தீர்த்துவிட்டனவே, காலையில் பார்த்து எனக்கே மனம் உடைந்துவிட்டது, என்னிடம் கொஞ்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரத்த ஆங்கிலத்தில் துக்கம் விசாரித்தார். ராசேஸ் அக்கா தபால் கந்தோர் கவுண்டரில் நீண்டகாலம் இருந்தவர். என்னைவிட நன்றாக ஆங்கிலம் விளங்கும். நான் டெரெக்கின் கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி, நன்றி, மிகவும் நன்றி என்று அவர் பேசி முடிக்கும்வரை அவருக்கு மேலாகப் பேசிக்கொண்டே இருந்தேன். ராசேஸ் அக்காவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அங்கால போவம்" என்றார்.

அங்கால போனோம். மான் மடம் பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு இலை குறையவில்லை. ராசேஸ் அக்கா குனிந்து ஒரு முள்ளங்கியை இழுத்தார். வெள்ளை வெளேரென்று, முழங்கை நீளத்துக்கு வந்தது. மண்ணைத் தட்டி, நுனியை வெட்டி வாயில் போட்டு மென்றார்.

"ம்" என்றார். கூடையை வாங்கி ஆயத் தொடங்கினார்.

அன்று முழுவதும் சமைத்தேன். டர்னிப்பை நான் என் வாழ்நாளில் சமைத்ததில்லை. இவர் சமையலறை வாசலில் நின்று, "மானே தின்னாததை மனிசர் தின்னுவினமோ?" என்று கேட்டார். கரண்டியைக் காட்டினேன், போய்விட்டார். கடுகிலை கசந்தது. மஞ்சள் போட்ட கொதிநீரில் ஒரு தரம் காட்டி எடுத்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வறை செய்தேன், கசப்பு ஓடிவிட்டது. முள்ளங்கியைத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறி வைத்தேன். டர்னிப்பை உரித்து, கறித்தூள் போட்டு, எண்ணெய் மேலே மிதக்கும்வரை பிரட்டினேன். கேலை அரிந்து கடலைப்பருப்பு வடையில் போட்டேன். முள்ளங்கி இலை பருப்புக்குள் போனது. மிளகாய்கூடக் கடையில் வாங்கினதில்லை. டெரெக்கின் வலைக்குள் தப்பியவை.

"கடையில ஒரு பிடி கீரைகூட வாங்கமாட்டன் எண்டு சொன்னனியள். அதையாவது காப்பாத்தீட்டியள்" என்றாள் காயத்திரி. வெங்காயம் வெட்டியதால் கண் கலங்கியிருந்தது என்று சொன்னாள். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் மாப்பிள்ளை பகுதியார் வந்து இருந்தார்கள். இலை போட்டுப் பரிமாறினோம். ராசேஸ் அக்கா வறையை எடுத்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். சமையலறைக் கதவிடுக்கால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மென்றார். விழுங்கினார். பிறகு இலையில் வறை இருந்த இடத்தைக் காட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் கதவிடுக்கில் நிற்கவில்லை. ஓடினேன். வெள்ளைக்கறிச் சட்டி அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் பிரட்டல் கேட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, சைவச் சாப்பாடு என்றால் முகம் சுளிப்பவர் என்று சொல்லிவைத்திருந்தார்கள், டர்னிப்பை உருளைக்கிழங்கு என்று நினைத்துச் சாப்பிட்டு, இல்லை என்று தெரிந்தபிறகும் சாப்பிட்டார். வடை முடிந்தது. வறை முடிந்தது. சட்டியைச் சுரண்டும் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது. வெற்றி என்றால் அதுதான் வெற்றி. தோற்றுத் தரைமட்டமான தோட்டக்காரி ஒருத்தி, சம்பந்தி பகுதியாரை ஏப்பம் விடவைத்தாள்.

பாயாசம் குடித்து முடித்துக் கை கழுவியபின் ராசேஸ் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ. மானுக்கு வைச்சதை எல்லாம் நாங்கள் சாப்பிட்டிட்டம். இனி அதுகளுக்கு என்ன குடுப்பியள்?"

இவர் மேற்கூரையைப் பார்த்தார்.

"அக்கா... உங்களுக்கு எப்பிடி..."

"கொஞ்சம் யோசியுங்கோ. போஞ்சிக்குத் தடி நட்டு, நூல் கட்டி, பூசணிக்குப் பந்தல் போட்டு ஆராவது மானுக்கு வளர்ப்பினமோ? எந்த மான் தடியில ஏறிப் போஞ்சி ஆயும்?"

முதலில் சிரித்தது பெரியப்பா. பிறகு மாப்பிள்ளை. பிறகு நான், அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்ததில் கதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ராசேஸ் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நேற்றே கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன்.

"கேட்டா, நீங்கள் கடைக்கெல்லோ ஓடியிருப்பியள்" என்றார் அவர். "எனக்கு அந்த முள்ளங்கியில கண் விழுந்திட்டுது." பிறகு காயத்திரியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். "பிள்ளை, உன்ர அம்மாவிட்ட இந்த வறையைப் பழகிக்கொண்டு வா. மிச்சத்தை நான் சொல்லித் தாறன்."

டொக்டர் பெண்ணின் பேச்சு அதன்பின் எடுபடவில்லை. என் பிள்ளை அந்த வீட்டில் தலை நிமிர்ந்துதான் இருக்கிறாள்; சிலநாள் கொஞ்சம் கூடவே நிமிர்ந்துவிடுகிறாள் என்று மாப்பிள்ளை என்னிடம் முறைப்பாடு செய்கிறார்.

மான்களுக்கும் ஒரு குறையும் வரவில்லை. மார்கழியில் முதல் உறைபனி விழுந்ததும் மிச்சம் நின்ற டர்னிப்பை வேரோடு கிளறித் தின்றுவிட்டன. குளிர் பட்டால்தான் அந்த இலைக்கு இனிப்பு ஏறுமாம். அதுவரை மான் தொடாதாம். அந்த அமெரிக்கர்களின் வீடியோவைக் கடைசிவரை பார்த்தபோது இதையும் சொன்னார்கள். அதற்கடுத்ததாகத் துவக்கை எடுத்து மானைக் குறிபார்த்தார்கள். நான் அலறியடித்துக்கொண்டு ஃபோனை மூடினேன். அடுத்த வாரம் இவர் வேலி அடித்தார், நான் ஆணி பிடித்தேன். ஆனாலும் வெளியே காட்டோரத்தில் மான் மடம் இன்றும் நடக்கிறது. வசந்தத்தில் குளோவர், பிறகு கடுகும் டர்னிப்பும். பாதியைக் கிண்டினால் மறுபாதியை விட்டுவைப்பேன்; பந்தியில் இருப்பவர்களை எழுப்பக்கூடாது என்று படித்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும், புதுக்கறி ஏதாவது இலையில் விழுந்தால், "மான் மோந்து பாத்ததோ?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமானால் கிங்ஸ்பரியிலிருந்து ஃபோன் வரும். சுகம் விசாரிப்பெல்லாம் பிறகுதான்.

"சம்பந்தி, இந்தக் கிழமை மான் எதைத் தொடேல்லை? அதில ஒரு கட்டு எனக்கு ஆய்ஞ்சு வையுங்கோ, நான் வாறன்."